ஆயிரத்து நூற்று நாற்பது கேள்விகள்

தாரணியை யாரும் அவசரக்குடுக்கை என்று சொல்ல முடியாது. வெளியூர் கிளம்பும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இது ஓர் ஆள் செத்துப்போன கதை. கேட்கிறவர்களுக்கு யாரையாவது பிடித்துக் கூண்டில் ஏற்றக் கை பரபரக்கும். ஏற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆளை மட்டும் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

கிணற்றுக்குப் பம்பு செய்து பேர் வாங்கிய கோயம்புத்தூர், மனுஷ நெஞ்சுக்குள் வைக்கிற பம்பையும் செய்யக் கிளம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சென்னியப்பனின் அப்பா மோனோபிளாக் என்கிற கிணற்று மோட்டார் செய்தார். மகன் ‘ஊற்று’ என்ற பெயரில் இதயப் பம்பு செய்தார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பழுதான இதயத்தோடு அதைச் சேர்த்துத் தைத்துவிட்டால், இதயம் செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசியை அது பார்த்துக்கொள்ளும். அதை ஓட்டுகிற கணினி ஒரு சின்னப் பெட்டியில் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். அந்தக் கணினியில் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து வேலை வாங்குகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் நின்றால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘ஊற்று’ கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ரெடிமேட் கெர்னல் கிடையாது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பதுதான். கெர்னலைக் கட்டும்போது திரையில் கேள்விகள் வரும். சர்க்கரை வியாதி உண்டா? வெல்டிங் பட்டறையில் வேலையா? படுத்தால் இடது பக்கம் திரும்புகிறவரா? ஆம் என்றால் அதற்கான பகுதி கெர்னலில் சேரும், இல்லை என்றால் சேராது. தேவையில்லாத பகுதி உள்ளே இருந்தால் பேட்டரியைத் தின்னும், சில சமயம் ஆளையே தொந்தரவு பண்ணும். தொடங்கும்போது அறுபது கேள்விகள்தான் இருந்தன. எங்கோ யாரோ ஒருவர் கஷ்டப்பட, அடுத்த வாரம் ஒரு கேள்வி கூடும். பதினோரு வருஷத்தில் கேள்விகள் ஆயிரத்து நூற்று நாற்பது ஆகிவிட்டன.

இதில் சோதனைகளின் கதை தனி. ஒவ்வொரு பகுதிக்கும் அதைச் சோதிக்க ஒரு சோதனை உண்டு, அந்தச் சோதனைக்கும் தனியாக ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேள்வி சும்மா கண்ணில் பட்டுவிடாது. அதற்கு மேலே இருக்கிற நாலு கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தால்தான் ஐந்தாவதாகத் தலைகாட்டும். சோதனைப் பிரிவில் இருந்த ஆறு பேரும் ஒவ்வொருவருடைய கெர்னலுக்கும் இந்தக் கதவுகளைக் கையால் ஒவ்வொன்றாகத் திறந்து, சோதனைகளை ஓட்டி, கடைசியில் தங்கள் பெயரைப் போட்டு அனுப்புவார்கள். ஒரு கெர்னலுக்கு இரண்டு நாள் பிடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று பேர்தான் புதிதாக வருவார்கள் என்பதால் வண்டி எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிப்ரவரியில்தான் பம்பில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. எங்கோ வெளிதேசத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கிற ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பக்கத்தில் நிற்கிற யாரும் ஒரு கைபேசியை வைத்து ‘ஊற்று’ பம்பை நிறுத்திவிட முடியும். அவர் நல்ல மனுஷர். இருபது நாள் அவகாசம் தந்திருந்தார். அதற்குப் பிறகு அதை ஊருக்கே அறிவித்துவிடுவாராம், அவர்கள் தொழிலில் அதுதான் முறை.

சென்னியப்பன் தாரணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கெர்னல் பிரிவுக்குத் தலைமை அவள்தான்.

“எத்தன பேருக்கு மாத்தோணும் அம்மிணி?”

“ஆறாயிரத்து இருநூத்திப் பதிமூணு பேருங்கய்யா. ஓட்டைய அடைக்கறது நாலு வரி. அதை ஒரு நாள்ல எழுதிப்போடலாம். ஆனா ஒவ்வொருத்தர் கெர்னலையும் மறுபடி கட்டிச் சோதிக்காம அனுப்ப முடியாதுங்க.”

“சோதிச்சா எத்தன நாளாகும்?”

“இப்ப இருக்கற மாதிரின்னா அஞ்சரை, ஆறு வருஷம்.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. தாரணியும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஐந்து நாளில் அவள் ஒரு வேலை செய்தாள். சோதனைகளுக்கான கேள்விகள் அத்தனையையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி வைத்தாள். ‘எல்லாச் சோதனைகளையும் ஓட்டவா?’ ஆம் என்று அழுத்தினால் போதும். அந்த ஆளுடைய பழைய பதில்களைக் கணினியே எடுத்துக்கொள்ளும். எதெதற்கு ஆம் என்று இருக்கிறதோ அந்தப் பகுதிகளின் சோதனைகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இல்லை என்று இருப்பதற்குச் சோதனை சேராது, ஏனென்றால் அங்கே சோதிக்க எதுவும் கிடையாது. இந்தத் தர்க்கத்தில் இன்றைக்கு வரை ஒருத்தரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், என்னாலும் முடியவில்லை.

இரண்டு நாள் வேலை இருபது நிமிஷம் ஆனது. வாடகைக்குக் கணினிகள் எடுத்து நூறு நூறாக ஓட்டினார்கள். சோதனைப் பிரிவில் மூத்தவரான எபினேசர், போத்தனூர் ரயில்வே காலனிக்காரர், அந்தப் பொத்தானை அழுத்துகிற வேலையைச் செய்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் திரை முழுக்கப் பச்சை. தோல்வி: பூஜ்யம். ஓட்டை ஊருக்குத் தெரிய ஏழு நாள் இருக்கும்போதே ஆறாயிரத்து இருநூற்றுப் பதிமூன்று பேருடைய இடுப்புப் பெட்டியிலும் புதுக் கெர்னல் ஏறிவிட்டது. சென்னியப்பன் எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். தாரணி இரண்டு துண்டு சாப்பிட்டாள். சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷம் பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓட்டையை வைத்து எவனாவது விளையாடியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

போஜன் இறந்தது அதற்குப் பத்தாம் நாள்.

அவர் அரசு பஸ் கண்டக்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலை ஏறுகிற வண்டி. அன்றைக்குத்தான் அந்தத் தடத்தில் முதல் நாள் வேலை. காலையில் முதல் நடை ஏறும்போதே நெஞ்சு படபடவென்றிருக்கிறது. இறங்கியதும் சரியாகிவிட்டது. இரண்டாம் நடையில், குஞ்சப்பனையைத் தாண்டிய ஒரு வளைவில், இடுப்புப் பெட்டி கத்தியது. யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்தார்களாம் பயணிகள். போஜன் படிக்கட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தார். கோத்தகிரி வந்தபிறகு டிரைவர்தான் தொட்டுப் பார்த்தார்.

பெட்டியில் பதிவான விவரங்கள் மறுநாள் தாரணியின் மேசைக்கு வந்தன. இரண்டு தரம் படித்தாள். சென்னியப்பன் அறைக்குப் போய் நின்றாள்.

“எனக்கு விளங்கற மாதிரி சொல்லு அம்மிணி. பம்பு நின்னுபோச்சா?”

“நிக்கலைங்கய்யா. கண்டமேனிக்கு ஓடியிருக்கு.” தாரணி விளக்கினாள். “பம்புக்குள்ள ரத்த அழுத்தத்தை அளக்கற ஒரு சில்லு இருக்குதுங்க. அது வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேத்துத்தான் அளக்கும். அதனால பெட்டில இருக்கற இன்னொரு கருவி காத்தை அளந்து, அதைக் கழிச்சுக்கும். கீழ இருக்கறவங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருக்காக் கழிச்சாப் போதும். மலை ஏறி இறங்கறவங்களுக்கு நிமிஷத்துக்கு ஒருக்காக் கழிக்கோணும். வேக ஈடுன்னு அதுக்குத் தனியா ஒரு பகுதி.”

“அத எல்லாருக்குமே வச்சுத் தொலைய வேண்டியதுதான?”

“வச்சா லிஃப்ட்ல ஏறினாலே பம்பு பதறும். முன்னால ஒருத்தருக்கு அப்படி ஆகித்தான் அது கேள்வியாச்சுங்க. போஜனுக்கு வேக ஈடு இல்லை. மேல போகப் போகக் காத்தழுத்தம் குறையுது. பம்பு அதை ரத்த அழுத்தம் குறையுதுன்னு நினைச்சுட்டு இன்னும் வேகமா இழுக்குது. இழுக்க ரத்தமில்ல.”

“கிணத்துல தண்ணியில்லாம மோட்டார் ஓடுன மாதிரி,” என்றார் சென்னியப்பன்.

“ஆமாங்கய்யா.”

“உன்ற புது ஏற்பாட்டுல அந்தப் பகுதி உட்டுப்போச்சா?”

தாரணி பயந்ததும் அதற்குத்தான். ஆயிரம் கேள்வியை ஒன்றாக்கும்போது ஏதாவது ஒரு கதவு பூட்டிக்கொண்டிருக்கலாம், அதற்குப் பின்னாலிருந்த சோதனை சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கலாம். தோற்கிற சோதனையாவது சிவப்பு காட்டும். ஓடாத சோதனை எந்த நிறமும் காட்டாது. அவள் ஒன்பது நாள் இதையே தேடினாள். சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, போஜனின் கெர்னலைப் பழைய முறையில் கையால் ஒவ்வொரு கதவாகத் திறந்து கட்டினாள். புது முறையில் ஓடியவை நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். பழைய முறையிலும் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. போஜனின் பழைய பதில்களில் வேக ஈட்டுக்கு எதிரே தெளிவாக ‘இல்லை’ என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பம்பு வைத்தபோது அவர் கீழே டிப்போ ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காகத் தன்மேலேயே ஒரு வெறுப்பும் வந்தது.

விசாரணைக்கு வந்த அரசு அதிகாரிகள் அவள் காட்டியதையெல்லாம் பார்த்தார்கள். இரண்டு பேர், மரியாதையானவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். அறிக்கையின் வரைவு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ‘கருவியிலோ, நிரலிலோ, சோதனை முறையிலோ குறை காணப்படவில்லை. பயனர் தமது பணிச்சூழல் மாறியதைத் தெரிவிக்கத் தவறியதே மரணத்துக்குக் காரணம்.’ கீழே தொழில்நுட்பப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட ஓர் இடம். திங்கட்கிழமைக்குள் தாரணி போட வேண்டும்.

“போட்டுரு,” என்றார் சென்னியப்பன். “நம்ம மேல தப்பில்லைன்னு அவங்களே எழுதறாங்க. பம்புக்குப் பேர் குடுத்துட்டு ஆஸ்பத்திரில இருநூறு பேரு படுத்துக் கெடக்கறாங்க அம்மிணி. நாம நின்னுட்டா அவங்களுக்கு ஆரு குடுப்பாங்க?”

அவர் சொன்னதில் பொய் ஒரு சொட்டுக் கிடையாது. தாரணி காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எபினேசர் அவளுடைய அறையில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு திரிகிற மனுஷர், அன்றைக்குப் பை காலியாக வந்திருந்தார்.

“மேடம், நீங்க ஒரு தடவகூட என்கிட்ட கேக்கல,” என்றார்.

“என்ன கேக்கலைங்கண்ணா?”

“ஒரு கெர்னலுக்கு எதுக்கு ரெண்டு நாளாகுதுன்னு.”

தாரணி அவரையே பார்த்தாள். “கதவு கதவாத் திறக்கோணும், அதுக்குத்தான்னு…”

“அது நாலு மணி நேர வேலை. மீதியெல்லாம் போன்.” அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆம்னு இருக்கற பதில அப்படியே விட்ருவேன். இல்லைன்னு இருந்தா விட மனசு வராது. அந்த ஆளையே கூப்ட்டுருவேன். இன்னும் அதே வேலைதானா, வீடு மாத்துனீங்களா, மாடிவீட்டுக்குப் போயிட்டீங்களா, புதுசா நாய் வாங்கினீங்களான்னு. போனை எடுக்க மாட்டாங்க. மறுநாள் மறுபடி போடணும். அப்படித்தான் ரெண்டு நாள் போயிரும். ஆறு பேருமே அப்படித்தான் மேடம்.”

“இது எந்த ஏட்லயும் இல்லீங்களே.”

“இருக்காது. நோயாளிங்களை நாம நேரா கூப்பிடக் கூடாதுன்னுதான் விதி. ஆஸ்பத்திரி வழியாத்தான் கேக்கணும். ஆஸ்பத்திரிக்கு எழுதினா ரெண்டு மாசம். அதான் யாருக்கும் சொல்லாம லேண்ட்லைன்ல இருந்து பேசிக்குவோம்.” அவர் காலிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “நீங்க ஒரே பொத்தானாக்கிட்டேன்னு காட்டின அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். இத்தன வருஷம் விதிய மீறினது தெரிஞ்சுரும்னு வாய மூடிட்டேன். அப்புறம் ஆறாயிரம் பேருக்குப் போன் போட முடியுமான்னும் தோணுச்சு. அவசரம்னா அவசரந்தானே.”

தாரணிக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தக் கேள்விகள் இருந்த வரையில், பதிலை நிரப்ப யாராவது ஒருத்தர் அவற்றின் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவருக்கு மனசு உறுத்தியது, போனை எடுத்தார். அவள் கேள்வியைத்தான் எடுத்தாள். உறுத்த இடமில்லாமல் போயிற்று. இதைச் சோதிக்க அவளிடம் எந்தச் சோதனையும் இல்லை.

“போஜனைக் கூப்ட்டுப் பேசியிருக்கீங்களா?”

“போன வருஷம் பேட்டரி மாத்தினப்ப. கீழதான் இருக்கேன், கணக்குப் பிள்ளை வேலைன்னு சொன்னாரு. மலைல மழையான்னு கேட்டேன், எனக்கென்ன தெரியும், நான் எங்க போறேன்னு சிரிச்சாரு. பொண்டாட்டி அங்க, இவரு இங்க.”

சனிக்கிழமை காலையில் தாரணி கோத்தகிரிக்கு பஸ் ஏறினாள். காரில் போயிருக்கலாம். அதே வண்டியில்தான் போக வேண்டுமென்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வளைவுகள் தொடங்கியதும் காது அடைத்தது. எச்சிலை விழுங்கினாள், காது திறந்தது. அவள் உடம்பு அந்தக் கணக்கைத் தானாகவே போட்டுக்கொண்டது. பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் கேரட் மூட்டைமேல் கை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

போஜன் நீலகிரியின் படகர் சமூகத்துக்காரர். அவருடைய ஹட்டி, அதாவது படகர் கிராமம், கோத்தகிரிக்கு மேலே மூன்று மைல், முப்பது வீடுகள், நடுவில் ஒரு கோயில். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மனைவி மாதி வெள்ளைத் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஐம்பது வயசிருக்கும். துக்கம் கேட்க வருகிறவர்களின் வரிசை முடிந்து, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டவள்.

“பம்பு ஆபீசுங்களா?” என்று கேட்டாள். “எபி சார் வரலைங்களா?”

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவரைத் தெரியுங்களா?”

“பாத்ததில்ல. அவரு சொல்லுவாரு. எபி சார் ரொம்ப விவரமாக் கேப்பாருன்னு. உக்காருங்க.”

தாரணி உட்கார்ந்தாள். மாதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே சுவரில் சாய்ந்துகொண்டாள். பையிலிருந்த அறிக்கையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்று தாரணி வழியெல்லாம் சொல் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அதை விட்டுவிட்டு, “மலை பஸ்ஸுக்கு மாறினதை எங்களுக்குச் சொல்லலைங்களே,” என்று மட்டும் கேட்டாள். கேட்ட பிறகு, அதிகாரிகள் எழுதியதையே தானும் சொல்லிவிட்டது புரிந்தது.

மாதி கோபப்படவில்லை. “சொல்லத்தாங்க காத்திட்டிருந்தாரு,” என்றாள்.

மாதியே தொடர்ந்தாள். “மூணு வருசமா கீழ ரூம் எடுத்துத் தனியாக் கிடந்தாரு. தானே பொங்கித் தானே தின்னுக்கிட்டு. மலைக்கு வரணும்னா பம்பு ஆபீசுல கேக்காம வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. பிப்ரவரில டிப்போவுல, மலை பஸ்சுக்கு ஆள் இல்ல, நீ போறியான்னு கேட்டாங்க. போனா ராத்திரி வீட்ல படுக்கலாம். உடனே சரின்னு சொல்லியிருப்பாரு, சொல்லல. ஆஸ்பத்திரில சொன்னாங்க, எல்லாருக்கும் புதுசு போடறாங்களாமே, அப்ப எபி சார் கண்டிப்பாக் கூப்பிடுவாரு, கேட்டுக்கிட்டுச் சொல்றேன்னு டிப்போவுல தவணை வாங்கிட்டாரு. போன தடவ வந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டா போகாது, உங்க ஆபீஸ் போன்ல வெளிய பேச மட்டுந்தான் முடியுமாம். அதனால போனைக் கையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு.”

“கூப்பிடலைங்க,” என்றாள் தாரணி.

“ஆமா. கூப்பிடல. ஆனா இது வந்துச்சு.”

மாதி உள்ளே போய் போஜனுடைய கைபேசியை எடுத்துவந்து, ஒரு செய்தியைத் திறந்து நீட்டினாள். தாரணி அதைப் படிக்கத் தேவையில்லை. அதை எழுதியவளே அவள்தான். கெர்னல்கள் ஏறி முடிந்த அன்றைக்கு, மைசூர்பா ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு ஒரே மூச்சில் எழுதிய மூன்று வரி. ‘உங்கள் பம்பு புதுப்பிக்கப்பட்டது. எல்லாச் சோதனைகளும் வெற்றிகரமாக முடிந்தன. நீங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் இருக்கலாம்.’ ஆறாயிரத்து இருநூற்றுப் பதிமூன்று பேருக்கும் போனது இதுதான்.

“இதப் படிச்சதும் எனக்குப் போன் பண்ணினாரு. இந்தத் தடவ கேக்க வேண்டிய வேலையே இல்ல மாதி, எல்லாத்தையும் அவங்களே பாத்துட்டாங்க, நான் வரேன்னு சொன்னாரு.” மாதி போனைத் திருப்பி வாங்கித் துண்டின் நுனியால் துடைத்தாள். “அவ்வளவு சந்தோசமா அவரு பேசி நான் கேட்டு மூணு வருசமாச்சு. நானும் படிச்சுப் பாத்தேன். எல்லாம்னுதான் போட்டிருக்கு. மலை ஏறறதையும் பாத்துத்தான போட்டீங்க?”

இந்த இடத்தில் தாரணி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆம் என்று சொன்னவற்றையெல்லாம் சோதித்தோம், இல்லை என்பதற்குச் சோதனை கிடையாது என்று விளக்கியிருக்கலாம். அது நிஜமும்கூட. அதிகாரிகள் இரண்டு பேர் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

“இல்லீங்க,” என்றாள். “அதைப் பாக்கலைங்க. அவர் எங்க இருக்கார், என்ன வேலை செய்யறார்னு நாங்க கேக்கவேயில்லை. கேக்கற மாதிரி இருந்த ஏற்பாட்டை எடுத்தது நான். அந்தச் செய்தியை எழுதினதும் நான்.” பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். “அவர்தான் சொல்லலைன்னு இதுல எழுதியிருக்காங்க. நான் கையெழுத்துப் போடோணும். போட மாட்டேங்க. நீங்க இப்பச் சொன்னதை எழுதித் திருப்பி அனுப்பப் போறேன்.”

மாதி காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. அதைப் பார்க்கக்கூட இல்லை. அவள் அழப்போகிறாள் என்று தாரணி நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. மாதி எழுந்து போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“ஆறாயிரம் பேருக்குப் போட்டோம்னு டிவில சொன்னாங்களே,” என்றாள். “அவங்கள்லயும் வீடு மாறினவங்க, வேலை மாறினவங்க இருப்பாங்கதானே?”

“இருப்பாங்க.”

“இதப் படிச்சுட்டுத்தானே அவங்களும் இருக்காங்க?”

போஜன் போய் இருபது நாள் ஆகிறது. அத்தனை நாளும் அவள் நிரலில் குறை தேடினாள், பிறகு அறிக்கையைப் படித்தாள், பிறகு தன் மனசாட்சியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். மற்றவர்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

“அவங்கள யாராவது கூப்பிட்டுக் கேட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

மாதி டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். அதில் பாதி டீ அப்படியே இருந்தது. பிறகு தாரணியின் மடியில் கிடந்த அவளுடைய கைபேசியைக் காட்டி, “வீட்டுக்குள்ள சிக்னல் வராதுங்க,” என்றாள். “கோயிலண்டை போய் நின்னு பேசுங்க.”